கக்காவுக்கு மட்டும் பம்பஸ் கேட்கும் பிள்ளை

முன்பள்ளியில் சேர்க்கும் காலம் நெருங்கினால் கிளினிக்கில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது: "டொக்டர், சூ வந்தால் சொல்றார். கக்காவுக்கு மட்டும் பம்பஸ் கட்டச் சொல்லி அழுறார். கதவுக்குப் பின்னால போய் நிண்டு முக்குறார். சரியான பிடிவாதம்." திருகோணமலை நகரமோ, கிண்ணியாவோ, மூதூரோ, அம்மாமார் சொல்வது ஏறக்குறைய இதேதான். மலம் எப்படிப் போகிறது என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை, கட்டியாக, அழுகையோடு.

ஒருமுறை வலித்தால் போதும். அடுத்த தடவை உணர்வு வரும்போது பிள்ளை காலை இறுக்கி, நுனிக்காலில் நின்று அடக்கப் பார்க்கும். முக்குவதாக நாம் நினைப்பது பல நேரம் இந்த அடக்கல்தான். உள்ளே தங்கிய மலத்தின் நீரைப் பெருங்குடல் உறிஞ்ச, அது இன்னும் இறுகும், இன்னும் வலிக்கும். நாளடைவில் மலக்குடல் விரிந்து உணர்வே மங்கிவிடும். பிறகு தேங்கிய கட்டியைச் சுற்றித் தண்ணீராக மலம் கசிந்து காற்சட்டையில் படும். இதை வயிற்றோட்டம் என்று நினைத்து மருந்து கொடுப்பவர்களும் உண்டு, வேண்டுமென்றே செய்கிறது என்று அடிப்பவர்களும் உண்டு. தயவுசெய்து அடிக்காதீர்கள். அந்தக் கசிவைப் பிள்ளையால் நிறுத்த முடியாது.

சரி, என்ன செய்யலாம்? பொட்டியை, அதாவது பிள்ளை இருந்து மலம் கழிக்கும் சின்ன இருக்கையை, கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். பம்பஸ் கேட்டால் கட்டிவிடுங்கள்; அடக்குவதைவிட அதில் போவது எவ்வளவோ மேல். முதலில் மலம் இளக வேண்டும். மே தொடக்கம் செப்டெம்பர் வரை இங்கே அடிக்கும் வெயிலில் உடம்பு நீர் வியர்வையாகவே போய்விடும், ஆகவே பிள்ளை கேட்கும்வரை காத்திராமல் தண்ணீர் கொடுங்கள். பப்பாசி, கீரை, பயறு நல்லது. நாளுக்கு அரை லீட்டருக்கு மேல் பால் குடிக்கும் பிள்ளைக்குச் சோறு கறியில் நாட்டம் குறையும். போத்தலைக் குறைக்கச் சொன்னால் அம்மம்மாமாருக்கு மனம் வராது, ஆனாலும் சொல்லியே ஆகவேண்டும். மலவாயில் வெற்றிலைக் காம்பு, சவர்க்காரத் துண்டு வைப்பது வேண்டாம், பயம்தான் கூடும்.

சாப்பாட்டால் இளகாவிட்டால் லக்டியுலோஸ் போன்ற மருந்து தேவைப்படும். அதை வைத்தியர் சொன்ன அளவில் வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் கொடுக்க வேண்டிவரும். பழகிவிடுமோ என்று பயந்து இடையில் நிறுத்தும்போதுதான் பல பிள்ளைகள் பழைய நிலைக்குத் திரும்புகிறார்கள்.

வலியில்லாமல் சில வாரம் போன பிறகு மீண்டும் பொட்டியை எடுங்கள். உணவு வயிற்றில் விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும். அதனால் காலைச் சாப்பாடு முடிந்து கால் மணி நேரத்துக்குள் 5 நிமிடம் இருத்திப் பாருங்கள். கொமட் என்றால் கால் தொங்காமல் பாதத்துக்குக் கீழே சின்ன ஸ்டூல் ஒன்று வையுங்கள், முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயரட்டும். ஒன்றும் போகாவிட்டாலும், "மகள் வடிவா இருந்தீங்க" என்று சொல்லுங்கள். அழுதால் உடனே எழுப்பிவிடுங்கள். இரவில் நனைப்பதைப் பற்றி ஐந்து வயதுவரை கவலையே வேண்டாம்.

மலத்தில் இரத்தம், வயிறு ஊதுதல், வாந்தி, எடை கூடாமை இருந்தால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் காட்டுங்கள். பிறந்து இரண்டு நாளுக்குப் பிறகுதான் முதல் மலம் போனது என்றால், அதையும் மறக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.