சிவப்பு லைட் அணைஞ்சாலும் லேசர் அணையல

நாகர்கோவில்ல கண் பரிசோதனை பண்ற வேலை எனக்கு. போன மாசம் ஒரு பையன் வந்தான், நகைப் பட்டறையில லேசர் மார்க்கிங் மெஷின் ஓட்டுறவன், "சாரே, வலது கண்ணுல நடுவுல ஒரு புள்ளி நிக்குது, துடைச்சாலும் போகல"ன்னான். வலி இல்ல, சிவப்பு இல்ல, தண்ணி வடியல. ஆம்ஸ்லர் சார்ட்ட, அதாவது நடுவுல புள்ளி வச்ச கட்டம் போட்ட அட்டைய, கையில குடுத்து, இடது கண்ண மூடிட்டு கோடு வளையுற எடத்த பென்சிலால சுத்துடேன்னேன், சரியா நடுப்புள்ளி மேலயே நல்லமொளகு அளவுக்கு ஒரு வட்டம் போட்டான். ஓசிடின்னு விழித்திரைய அடுக்கடுக்கா காட்டுற ஸ்கேன் எடுத்தா, விழித்திரை நடுவுல ஒரு அடுக்கு அறுந்து கிடக்கு.

என்னடே நடந்துதுன்னு கேட்டா, மெஷின் மூடியத் திறந்து வச்சுதான் வேலையாம், அப்பதான் சீக்கிரம் முடியுமாம். "சிவப்பு லைட் அணைஞ்சுதான சாரே இருந்துச்சு, அதான் குனிஞ்சு பாத்தேன்"ங்கான். மனசு கெட்டுப் போச்சு எனக்கு. அந்த சிவப்பு, எங்க அடிக்கப் போகுதுன்னு காட்டுற லைட் மட்டும்தான். நிஜ லேசர் 1064 நானோமீட்டர் அலைநீளம், அது இன்ஃப்ராரெட், எவன் கண்ணுக்கும் தெரியாது.

தெரியாததுதான் ஆபத்தே. கண்ணுக்குத் தெரியுற லேசர் பட்டா கால் செகண்டுல இமை தானா மூடிக்கும், அத நம்பித்தான் கிளாஸ் 2ன்னு ஒரு வகையே வச்சு 1 மில்லிவாட் வரைக்கும் விட்டிருக்காங்க. இன்ஃப்ராரெட்டுக்கு இமை மூடாது, அதனால அதுல கிளாஸ் 2ன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. 400ல இருந்து 1400 நானோமீட்டர் வரைக்கும் கருவிழியும் லென்ஸும் அத உள்ள விட்டு விழித்திரையில குவிச்சிரும், லட்சம் மடங்கு வரைக்கும். விழித்திரையில வலி தெரியுற நரம்பும் இல்ல, வெந்தாலும் தெரியாது.

1064க்கு, விடாம 10 செகண்டுக்கு மேல பட்டா, அனுமதி அளவு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட். விரிஞ்ச கண் பாப்பாவுக்குள்ள போறதக் கணக்குப் போட்டா சுமார் 2 மில்லிவாட்தான் வரும். சாதாரண மார்க்கிங் மெஷின் 20 வாட், பத்தாயிரம் மடங்கு, அதுலயும் பல்ஸா வர்றதால ஒரே ஒரு அடி போதும். நேரா பாக்கணும்னு கூட இல்ல, பாலிஷ் போட்ட தங்கம் கண்ணாடி மாதிரி, அதுல பட்டுத் திரும்புனாலே போச்சு. 1550 நானோமீட்டர் லேசருன்னா அந்த அளவு சதுர சென்டிமீட்டருக்கு 100 மில்லிவாட், ஏன்னா கண்ணோட முன்பக்க ஈரமே அத உறிஞ்சிக்கும், ஆனா பவர் கூடுனா கருவிழி வேகும்.

திருவிழாக் கடையில பிள்ளைகளுக்கு வாங்கிக் குடுக்குற மலிவு பச்சை லேசர் இருக்கே, உள்ள இன்ஃப்ராரெட்ட வச்சுதான் அந்தப் பச்சையையே உண்டாக்குது, பில்டர் போடாம வித்தா 808உம் 1064உம் கூடவே வெளிய வரும், தயவுசெஞ்சு வாங்காதீங்க.

பட்டறை முதலாளிய போன்ல கூப்பிட்டுப் பேசினேன். "கண்ணாடி வாங்கி வச்சிருக்கேனே"ன்னாரு. பையன்கிட்ட கொண்டு வரச் சொல்லிப் பாத்தேன், பச்சைக் கண்ணாடி, கேஸ் வெல்டிங்குக்குப் போடுறது. அதுல ஒரு நம்பரும் இல்ல. லேசர் கண்ணாடின்னா ஃப்ரேம்லயோ லென்ஸுலயோ 1064ன்னும், எத்தன ஓடின்னும் (லேசர எவ்வளவு தடுக்கும்ங்கிற அளவு) அச்சடிச்சிருக்கணும். ஓடி 6ன்னா பத்து லட்சத்துல ஒரு பங்குதான் உள்ள வரும், அதுக்குக் கீழ வாங்காதீங்கன்னு சொன்னேன். மூடிய திறந்தா மெஷின் தானா நிக்குற சுவிட்சையும் திரும்ப மாட்டி வைக்கச் சொன்னேன், அதக் கழட்டித்தான் ஓட்டியிருக்காங்க.

ஆறு வாரம் கழிச்சு பையன் திரும்ப வந்தான். வட்டம் கொஞ்சம் சுருங்கியிருக்கு, போகல. இப்ப மார்க்கிங் விட்டுட்டு கல் பதிக்கப் போறானாம், வலது கண்ண மூடிக்கிட்டு.