திருத்துகிறவருக்கே கூடுதல் லாபம்

ஆங்கில வகுப்பில் கட்டுரை நோட்டை மாற்றிக்கொண்டு படிக்கச் சொன்னால் உடனே எழும் முணுமுணுப்பு: "அவனுக்கே இங்கிலீஷ் தகராறு. என்னோடதை அவன் என்ன திருத்தறது?" நியாயமான சந்தேகம்தான். ஆனால் அதில், லாபம் நோட்டைக் கொடுத்தவருக்குத்தான் என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது.

லண்ட்ஸ்ட்ரோம், பேக்கர் என்ற இருவர் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படித்த 91 பேர், 9 வகுப்புகள். ஒரு பிரிவினருக்குப் பிறர் கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்வது மட்டுமே வேலை. மற்றவர்கள், வந்த கருத்தை வைத்துக் கட்டுரையை மாற்றி எழுதப் பழகினார்கள். பருவ முடிவில் சொந்த எழுத்தில் அதிகம் முன்னேறியவர்கள் கருத்துச் சொன்னவர்கள்! அவர்களிலும் ஆங்கிலம் குறைவாகத் தெரிந்தவர்களுக்கே கூடுதல் பலன்.

காரணம் எளிது. திருவிழா பற்றி எழுதும் மாணவி, "மாலையில் அங்கே போனோம்" என்று ஆங்கிலத்தில் எழுதுகிறாள். அது எந்த இடம் என்று அவளுக்குத் தெரியும். விட்டுப்போனதை அவள் மனமே நிரப்பிக்கொள்ளும். பக்கத்தில் இருப்பவளுக்கு அந்த வசதி இல்லை, 'அங்கே'யில் தடுக்கி நிற்கிறாள். ஏன் தடுக்கியது என்று யோசித்து, அதைச் சொல்லில் வைக்க வேண்டியிருக்கிறது. பயிற்சி அந்த யோசனையில்தான் நடக்கிறது. அடுத்த முறை தன் நோட்டிலேயே அந்த ஓட்டை அவள் கண்ணில் படும்.

சும்மா நோட்டை மாற்றிக் கொடுத்தால் இதெல்லாம் நடக்காது. "நல்லா இருக்கு, ஸ்பெல்லிங் பாரு" என்பதோடு முடிந்துவிடும். தைவானில் ஹுயி-ட்சூ மின் என்ற ஆசிரியர் தன் மாணவர்களுக்கு நான்கு படிகளைப் பழக்கினார்: என்ன சொல்ல வந்தாய் என்று கேள், சிக்கலைச் சுட்டு, அது ஏன் சிக்கல் என்று விளக்கு, பிறகு ஒரு வழி சொல். பயிற்சிக்குப் பின், சக மாணவர் சொன்னதை வைத்துச் செய்த திருத்தங்கள் வெகுவாகக் கூடின. இரண்டாவது படியிலிருந்து நேராக நான்காவதுக்குத் தாவுவதுதான் எல்லோருக்கும் வரும் பழக்கம். மூன்றாவதுதான் கஷ்டம், சரக்கும் அங்கேதான்.

இதனால் ஆசிரியருக்கு வேலை மிச்சம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். சீனாவில் நடந்த 2006 ஆய்வொன்றில் மாணவர்கள் அதிகம் ஏற்றுக்கொண்டது ஆசிரியரின் கருத்தைத்தான். கட்டுரை கூடுதலாக மேம்பட்டதும் அதனால்தான். இலக்கணப் பிழையை அவரிடமே விட்டுவிடலாம். எங்கே புரியவில்லை, எங்கே நம்ப முடியவில்லை என்பதைச் சக மாணவரிடம் கேட்டால் போதும். என்னைக் கேட்டால், சக மாணவர் எழுதித் தரும் கருத்துச் சீட்டையும் ஆசிரியர் வாங்கிப் படித்து மதிப்பெண் போட வேண்டும்.