வெயில் தாங்குமே என்று சிந்தி மாடு வாங்கலாமா?

மார்ச் பிறந்தால் பெங்களூரை ஒட்டிய ஆனேக்கல், அத்திப்பள்ளி, சர்ஜாபூர் பக்கத்துப் பால் சொசைட்டிகளில் இதே பேச்சுதான். "ஹெச்.எஃப். மாடு வெயில் தாங்க மாட்டேங்குது, வித்துட்டு சிவப்பு சிந்தி புடிச்சிடலாமா?" ஹெச்.எஃப். என்பது நிறையக் கறக்கும் ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் என்ற வெளிநாட்டு இனம், இங்கே இருப்பது பெரும்பாலும் அதன் கலப்பினம். சிவப்பு சிந்தி திமிலுள்ள நாட்டு இனம். கேட்பதில் தப்பில்லை. ஆனால் வெயில் தாங்குவது ஒன்றை மட்டும் பார்த்து மாடு மாற்றியவர்களில் பலர் அடுத்த ஆண்டே கையைப் பிசைகிறார்கள்.

முதலில், இருக்கிற மாடு வெயிலால்தான் திணறுகிறதா என்று பாருங்கள். மதியம் 2 மணிக்கு, மாடு அமைதியாக இருக்கும்போது பக்கவாட்டில் நின்று, கடைசி விலாவுக்குப் பின்னால் வயிறு ஏறி இறங்குவதை 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 40-க்குள் என்றால் கவலையில்லை. 60-ஐத் தாண்டினால் வெப்ப அயர்ச்சி. 80-க்கு மேல் போய், கழுத்தை நீட்டி எச்சில் ஒழுக நின்றால் பால் குறையும். தீனி குறைவதால் சில நாளில் கொழுப்பும் எஸ்.என்.எஃப்.பும் (பாலில் கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) இறங்கும், பருவ அறிகுறி வெளியே தெரியாமல் போகும், போட்ட சினை ஊசியும் நிற்காது. கரு உருவான முதல் வாரத்தில் உடல் சூடு ஏறினால் அது தங்குவது கடினம்.

இதே எண்ணிக்கையை விடியற்காலை 5 மணிக்கும் எடுங்கள். சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் டி.ஹெச்.ஐ. குறியீடு 72-ஐத் தாண்டினால் ஹெச்.எஃப். கலப்பினத்துக்குச் சிரமம் ஆரம்பம். பெங்களூரில் ஏப்ரல் மதியம் 34 டிகிரி, ஈரப்பதம் 35 சதவீதம் என்றால் குறியீடு 80. இரவில் 21 டிகிரி, 70 சதவீதம் ஆகும்போது அது 68-க்கு இறங்கிவிடும். பகலில் ஏறிய சூட்டை மாடு இரவில் இறக்கி வைத்துவிடலாம். சென்னையில் மே மாத இரவு 28 டிகிரி, 80 சதவீதம் என்றால் இரவிலும் குறியீடு 80-தான். அங்கே மாட்டுக்கு இரவு என்று ஒன்றே கிடையாது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் நமக்குக் கிடைக்கும் சலுகை இது.

ஆகவே விடியற்காலையிலும் எண்ணிக்கை 50, 60 என்று நின்றால் குற்றம் இனத்தின் மேல் இல்லை, கொட்டகையின் மேல். எட்டடி உயரத் தகர ஷீட், மூன்று பக்கம் சுவர், நடுவில் நான்கு மாடு. அதற்குள் எந்த மாடும் மூச்சு வாங்கத்தான் செய்யும். கூரை முகட்டை 12 அடிக்கு உயர்த்துங்கள், நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும், ஷீட்டின் மேல் வெள்ளை சுண்ணாம்பு அடியுங்கள். தண்ணீர் தெளித்தால் முதுகு நனைய ஒரு நிமிடம், பிறகு பத்து நிமிடம் காற்றாடி. காற்றாடி இல்லாமல் தண்ணீரை மட்டும் அடித்தால் கொட்டகை வேகும் பானையாகிவிடும். தண்ணீர் மடி வழியாக வழிந்தால் மடிவீக்கம் வரும்.

இனி சிந்திக்கு வருவோம். திமிலும் அலைதாடியும் (கழுத்தடியில் தொங்கும் தோல்) உள்ள நம் இனங்களுக்கு வியர்வைச் சுரப்பிகள் பெரிது, தோலின் மேற்பரப்புக்கு அருகிலும் இருக்கும். ரோமம் குட்டை, தோல் தொளதொள. உண்ணித் தொல்லையும் குறைவு. இன்னொரு காரணமும் உண்டு, அதை விற்பவர் சொல்ல மாட்டார்: சிந்தி மாடு உடலுக்குள்ளேயே குறைவான சூட்டைத்தான் உண்டாக்குகிறது, ஏனென்றால் அது குறைவாகத் தின்று குறைவாகக் கறக்கிறது. வெயில் தாங்கும் குணத்தில் ஒரு பங்கு, பால் குறைவாக இருப்பதற்குக் கிடைக்கும் பலன்.

கணக்குப் போடுங்கள். ஒரு ஈத்துக்கு (ஒருமுறை கன்று ஈன்று கறக்கும் காலம்) 1,800 லிட்டர் கறந்தால் அது நல்ல சிந்தி. முந்நூறு நாளில் வகுத்தால் நாளுக்கு 6 லிட்டர். உடல் பராமரிப்புக்கு ஒன்றரைக் கிலோ கலப்புத் தீவனம், ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ, ஆக ஏறக்குறைய 4 கிலோ. 12 லிட்டர் கறக்கும் கலப்பினத்துக்கு இதே கணக்கில் 6.3 கிலோ. லிட்டருக்கான தீவனம் சிந்தியிலேயே கொஞ்சம் கூடுதல். சிந்தியில் கொழுப்பு நாலரை, ஐந்து என்று நிற்கும். ஆனாலும் நாளுக்கு 300 கிராம் கொழுப்புதான் வரும். கலப்பினத்தில் 3.8 சதவீதத்திலேயே 456 கிராம். போதாததற்கு சிந்திக் கிடாரி முதல் கன்று ஈன மூன்றரை வயது ஆகிவிடும். கலப்பினம் இரண்டரை வயதில் ஈன்றுவிடும்.

அதனால் பசும்புல்லிலிருந்து ராகித்தாள் வரை எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்கி, சொசைட்டியில் மட்டும் பால் ஊற்றுகிறவருக்கு சிந்தி ஒத்துவராது. ஏரிக்கரை மேய்ச்சலும் சொந்த ராகித்தாளும் உள்ளவர், போர்வெல் வறண்டு மாட்டைக் குளிப்பாட்டத் தண்ணீர் இல்லாதவர், வீட்டு வாசலில் நேரடி வாடிக்கை வைத்திருப்பவர், இவர்களுக்குத்தான் சரி. பக்கத்திலேயே இருக்கிற ஹள்ளிகார் மாட்டைக் கறவைக்கு வாங்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். அது உழவுக்கும் வண்டிக்கும் பேர்போன இனம், பாலுக்கு அல்ல.

வாங்கும்போது நிறத்தை நம்பாதீர்கள். சிவப்பாக இருப்பதெல்லாம் சிந்தி ஆகிவிடாது. ஜெர்சி கலப்பும் சிவப்புதான். சிந்தி கச்சிதமான உடல், கொம்பு அடியில் தடித்துப் பக்கவாட்டில் கிளம்பி மேலே வளையும். நெற்றி புடைத்து, காது சுருட்டிய வெற்றிலை போல நீண்டு தொங்கினால் அதில் கிர் இனத்தின் ரத்தம். தோல் மிகத் தளர்ந்து, கொம்பு குட்டையாக இருந்தால் சாஹிவால் இனத்தின் பக்கம். காதில் 12 இலக்க மஞ்சள் வில்லை இருந்தால் பதிவை எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டினால் ஓசூர் மத்திகிரியில், 1824-ல் தொடங்கிய அரசு கால்நடைப் பண்ணை இருக்கிறது. சிந்தி அங்கே நெடுங்காலமாக வளர்க்கப்படும் இனம்.

அடுத்தடுத்து மூன்று வேளைப் பாலை நேரில் நின்று கறந்து பாருங்கள். அதில் ஒரு வேளை கன்றைக் கண்ணுக்குத் தெரியாமல் கட்டிவிட்டுக் கறக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான சிந்தி மாடுகள் கன்று முட்டாமல் சுரப்பு விடாது. வாங்கி வந்த மாதத்தில் கன்று செத்துப்போனால் மாடும் வற்றிவிடும், முழு ஈத்தும் போச்சு. அப்போது பக்கத்து வீட்டுக்காரர் ஆக்சிடோசின் ஊசியை நீட்டுவார். வாங்காதீர்கள். பால் இறக்க அப்படி ஊசி போடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் ஈத்துக் கிடாரி என்றால் ஈன்ற உடனே கன்றைப் பிரித்து, சீம்பாலைக் கறந்து பாட்டிலில் கொடுங்கள். அதே ஆள், அதே நேரம், மடியை வெந்நீர்த் துணியால் ஒரு நிமிடம் துடைத்துவிட்டுக் கறந்தால் பல கிடாரிகள் பழகிக்கொள்ளும். இரண்டு மூன்று ஈத்து கன்றோடு கறந்து பழகிய மாட்டிடம் இது செல்லாது.

பருவம் பார்ப்பதிலும் வித்தியாசம் உண்டு. சிந்தியின் பருவம் குறுகியது, பெரும்பாலும் இரவில் வந்து போய்விடும். இரவு 10 மணிக்கும் விடியற்காலை 5 மணிக்கும் பார்க்காதவர், "மாடு பருவத்துக்கே வரலை டாக்டர்" என்றுதான் சொல்வார். காலையில் தெரிந்தால் அன்று மாலை ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை.

மாட்டை விற்க மனமில்லாதவருக்கு இன்னொரு வழி. தலைமுறை தலைமுறையாக ஹெச்.எஃப். ஊசியே போட்டு வந்த மாட்டில் அந்த ரத்தம் 75, 87.5 சதவீதம் என்று ஏறியிருக்கும். பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் எல்லை 62.5. அந்த மாட்டுக்கு ஒரே ஒருமுறை தூய சிந்தி விந்துக் குச்சி போட்டால், பிறக்கும் கன்றில் ஹெச்.எஃப். பங்கு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். எந்தக் காளை, எந்தத் தேதி என்று ஊசி போடுபவரிடம் எழுதி வாங்கி வையுங்கள். அந்தக் கன்று கறவைக்கு வர மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் கூரையை உயர்த்திவிடலாம்.