வெள்ளைப் பட்டை எங்கே தொடங்குகிறது?

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் போதும், டெல்டா கிராமங்களிலிருந்து என் வாட்ஸ்அப்புக்குப் பாம்புப் படங்கள் வரத் தொடங்கிவிடும். நான் பாம்பு பிடிப்பவன் இல்லை; செடிகொடிகளையும் விலங்குகளையும் அறிவியல் நூல்களுக்கு வரைந்து கொடுப்பவன். ஆனாலும் கேட்பார்கள்: "அண்ணே, இது கட்டுவிரியனா?" டார்ச் வெளிச்சத்தில் தலை நசுங்கிய உடம்பு, அதில் வெள்ளைப் பட்டை. பல சமயம் அது ஓநாய்ப் பாம்பாக இருக்கும். பல்லி தேடிச் சுவரேறும், நஞ்சில்லாத பிராணி. கட்டுவிரியன் கறுப்பு, இதன் உடம்பு பழுப்புதான்; ஆனால் ராத்திரியில் பழுப்பென்ன, கறுப்பென்ன!

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் போட்டோவைவிட வரைபடம் உதவும் என்பது என் கட்சி. போட்டோ ஒரு பாம்பை, அது சுருண்டு கிடந்த கோலத்தில் காட்டும். வரைபவன் அந்த இனத்துக்கே பொதுவானதைப் பொறுக்கியெடுத்து, உடம்பை நீட்டிப் போட்டுக் காட்டலாம். அதனால் என் நேரம் தூரிகையில் போவதில்லை. லென்ஸை வைத்துக்கொண்டு செதில் எண்ணுவதில் போகிறது. நடு உடம்பில் கட்டுவிரியனுக்குப் பொதுவாக 15 வரிசை, ஓநாய்ப் பாம்புக்கு 17. கட்டுவிரியனின் முதுகுத்தண்டு நெடுக அறுகோணச் செதில்கள் மற்றவற்றைவிடப் பெரிதாக ஓடும். அதன் பட்டைகள் பெரும்பாலும் இரட்டை இரட்டையாக இருக்கும். கழுத்துப் பக்கம் மங்கி, வால் பக்கம் தெளியும். ஓநாய்ப் பாம்புக்கு நேர்மாறு: கழுத்தில் அகலமாகத் தொடங்கி வாலை நோக்கி மறைந்துபோகும். கட்டுவிரியன் குட்டிக்கு முன்பக்கமும் பட்டை தெரியும் என்பதால் குட்டியைத் தனியாகவே வரைகிறேன்.

இந்தக் கரைக்கு இது புதிய தொழில் அல்ல. சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி இயற்கையியலாளர் பாட்ரிக் ரஸ்ஸல் 1796இல் வெளியிட்ட நூலே வண்ணப் படங்களை நம்பித்தான் நிற்கிறது. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி தாவரங்களையும் விலங்குகளையும் வரைவித்தார்.

இன்றோ, எங்கிருந்தோ இறக்கிய படத்தை ஒட்டி விழிப்புணர்வுச் சுவரொட்டி அடிக்கிறோம். ஒன்றில் ஓநாய்ப் பாம்புக்குக் கீழே 'கட்டுவிரியன்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துப் பழகியவர் அசல் கட்டுவிரியனைக் கண்டால் "இது அது இல்லை" என்று அலட்சியமாக நெருங்கிவிடலாம். அச்சுக்குப் போகும் முன் பாம்பு தெரிந்த ஒருவரிடம் காட்டினால் என்ன?

அதற்காக என் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு உயிருள்ள பாம்பிடம் குனிந்து செதில் எண்ண வேண்டாம். பட்டை போட்ட பாம்பு எதுவானாலும் தள்ளி நில்லுங்கள்.

கட்டுவிரியன் பெரும்பாலும் ராத்திரியில், தரையில் தூங்குபவர்களைக் கடிக்கும். வலி குறைவு, பல்தடம் தெரியாமலும் போகும். விடியலில் காரணம் தெரியாத வயிற்றுவலி வந்தாலோ, கண்ணிமை சொருகினாலோ உடனே 108ஐக் கூப்பிடுங்கள். கீறுவது, இறுகக் கட்டுவது கூடாது. பாம்பை அடித்து எடுத்துப்போகவும் தேவையில்லை. நம் மருத்துவமனைகளில் போடும் நஞ்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்துத் தயாரானது. அறுவடைக் காலத்தில் களத்தில் படுப்பவர்கள் கட்டிலில் படுங்கள். பாய்தான் என்றால் கொசுவலையை அதன் அடியில் சுற்றிலும் செருகிக்கொள்ளுங்கள்.