தக்க ஏற்பாடு: ‘ரீசனபிள் அக்காமடேஷன்’ என்னும் தொடருக்கு ஒரு சொல் விளக்கம்

மாற்றுத்திறனாளி மாணவர்கள் தொடர்பான சட்டங்களிலும் சுற்றறிக்கைகளிலும் திரும்பத் திரும்ப வரும் ஒரு தொடர் ‘ரீசனபிள் அக்காமடேஷன்’. உடற்குறையோ உளநோயோ உடைய ஒருவர் மற்றவர்களோடு ஒப்பத் தம் உரிமையைத் துய்ப்பதற்காக, ஒரு நிறுவனம் தன் நடைமுறையிலோ கட்டடத்திலோ கால அட்டவணையிலோ செய்து தரவேண்டிய மாற்றம் என்பது அதன் பொருள். தமிழில் இது சில இடங்களில் ‘நியாயமான தங்குமிடம்’ என்றும், சில இடங்களில் ‘நியாயமான இடவசதி’ என்றும் வருகிறது. தேர்வில் கூடுதல் நேரம் கேட்கும் மாணவருக்கு விடுதி அறையைப் பற்றிய சொல்லைக் கொடுத்தால், அவர் தம் உரிமையை எந்தப் பெயரால் கேட்பார்?

பிழையின் வேர் ‘அக்காமடேஷன்’ என்னும் சொல்லிலேயே இருக்கிறது. இலத்தீனில் ‘மோதுஸ்’ என்றால் அளவு. அளவோடு ஒத்திருப்பது ‘கொம்மொதுஸ்’. ஒன்றை மற்றொன்றின் அளவுக்குப் பொருந்தச் செய்வது ‘அக்கொம்மொதாரே’. வந்தவருக்குப் பொருந்த இடம் அமைத்துக் கொடுப்பது என்ற வழியில்தான் பின்னாளில் தங்குமிடம் என்னும் பொருள் அதற்குக் கிளைத்தது. நம் ‘வசதி’யின் வரலாறு இதற்கு நேர் எதிரானது: வடமொழியில் ‘வஸதி’ என்றால் உறைவிடம், தமிழுக்கு வந்தபின் அது சௌகரியத்தைக் குறிக்கலாயிற்று. தனித்தமிழில் எழுதுவோர் அதற்கு ‘ஏந்து’ என்பர். நல்ல சொல்தான், ஆனால் குடிநீர் ஏந்து, கழிப்பறை ஏந்து என எல்லார்க்கும் பொதுவாக அமைப்பதையே அது சுட்டுகிறது. இங்கே வேண்டியது குறிப்பிட்ட ஒருவரின் அளவுக்கு ஏற்ப அமைத்துக் கொடுப்பதைக் குறிக்கும் சொல்.

சட்டத்தில் இந்தத் தொடரின் வரலாறு நீண்டது. அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டுத் திருத்தம் ஒன்றில், பணியாளரின் சமய நோன்புகளுக்கு முதலாளி இடம் கொடுக்கவேண்டும் என்னும் பொருளில் இது வந்தது. பிறகு உடற்குறை உடையோர் தொடர்பான சட்டங்களுக்குள் நுழைந்து, 2006இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற உடன்படிக்கையில் இடம்பெற்றது. இந்தியா அவ்வுடன்படிக்கைக்கு 2007இல் ஏற்புறுதி அளித்தது. அதன் வழியில் பிறந்ததே 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அச்சட்டம் பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளுள் உளநோயும் கற்றல் குறைபாடும் அடங்கும். ஆனால் மொழிபெயர்ப்பாளர் முதலில் கண்டுகொள்ள வேண்டிய வரி வேறொன்று: இந்த ஏற்பாட்டை மறுப்பதே பாகுபாடு என்று, பாகுபாட்டுக்கான வரையறையிலேயே அச்சட்டம் சொல்லிவிடுகிறது.

அந்த ஒரு வரியாலேயே ‘சலுகை’ என்னும் சொல் இங்கே பொருந்தாமற்போகிறது. பேருந்துக் கட்டணத்தில் அரசு குறைத்துக்கொள்வது சலுகை. அச்சொல் அங்கே சரியானது. சலுகை என்பது கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது, கொடுக்காவிட்டால் குற்றமில்லை. நான் காரைக்குடியில் ஆய்வேடுகளுக்கு மெய்ப்புப் பார்த்து வருகிறேன். வெளியூர்க் கல்லூரி ஒன்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் தேவகோட்டைப் பக்கத்துப் பெண் ஒருவர், மனச்சோர்வுக்கு மருந்து உட்கொண்டு வந்த காலத்தில் எழுதிய விண்ணப்பத்தை என்னிடம் காட்டினார். “அண்ணே, எழுத்துப்பிழை மட்டும் பாருங்க, போதும்” என்றார். பிழை ஏதுமில்லை. ஆனால் அரைப் பக்கத்துக்குள் ‘கருணைகூர்ந்து’ இரண்டு முறையும் ‘சலுகை’ மூன்று முறையும் வந்திருந்தன. எது வேண்டும் என்பது ஓரிடத்திலும் இல்லை. சலுகை கேட்பவர் தம் துன்பத்தை விரித்துச் சொல்லியாக வேண்டும். தேவை இன்னதென்று சொல்ல அந்தச் சொல் இடம் கொடுப்பதில்லை.

‘தகவமைப்பு’ என்று சிலர் எழுதுகின்றனர். உயிரியல் பாடத்தில் நாம் படித்த தகவமைப்பு, உயிரினம் தன் சூழலுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்வது. இங்கே மாறவேண்டியது சூழல். மாணவரே மாறிக்கொள்ளட்டும் என்ற பொருளை அச்சொல் தந்துவிடுமாதலால் அதை விலக்குகிறேன்.

நான் பரிந்துரைப்பது ‘தக்க ஏற்பாடு’. செட்டிநாட்டு வீடுகள் தெருமட்டத்திலிருந்து நன்கு உயர்ந்தவை. படியேறித் திண்ணையை அடைந்து, கனத்த மர நிலையைத் தாண்டினால்தான் வளவு என்னும் உள்முற்றத்துக்குள் செல்ல இயலும். கானாடுகாத்தானில் ஒரு திருமணத்துக்குச் சக்கர நாற்காலியில் வந்த முதியவர் வாசலில் தயங்கியபோது, வீட்டு ஆச்சி வெளியே வந்து, “வண்டி ஏற ஏற்பாடு பண்ணியாச்சு, வாங்க” என்றார். படிகளின்மேல் இரண்டு நீளப் பலகைகள் சாய்வாகப் போடப்பட்டிருந்தன. நிலைப்படியின் இருபுறமும் மணல்மூட்டை அணைத்து, அதன்மேல் சாக்கு விரித்திருந்தார்கள். நூற்றாண்டு கண்ட நிலையை யாரும் அறுக்கவில்லை. வந்தவரைத் தூக்கிச் சுமக்கவும் இல்லை. சட்டம் பல வரிகளில் வரையறுக்கும் கருத்து, அந்தப் பேச்சுவழக்குச் சொல்லில் முழுமையாக இருந்தது.

ஏல் என்பதற்குப் பொருந்துதல், ஏற்றுக்கொள்ளுதல் என்னும் இரு பொருளும் உண்டு. உடன்படு என்பது உடன்பாடு ஆவதுபோல, ஏற்படு என்பது ஏற்பாடு ஆகிறது. முடியாது, பொருந்தாது எனப் பொருள்படும் ‘ஏலாது’ என்னும் சொல்லையும் இதனோடு வைத்துப் பார்க்கலாம். நம் பக்கத்தில் உடல் நலிந்தவர்களை ‘ஏலாதவுக’ என்பார்கள். ஏலாமையை அவர்கள் மேலேயே ஏற்றிச் சொல்லும் வழக்கு அது. ஏற்பாடு என்று சொல்லும்போது, ஏலச் செய்யும் பொறுப்பு எதிரில் இருப்பவரிடம் போய்விடுகிறது. கிறித்தவ மறையின் பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு என்னும் பெயர்களில் அச்சொல் உடன்படிக்கையைக் குறிப்பதும் நமக்குப் பயன்படும். ஏனெனில் மாணவரும் நிறுவனமும் கலந்து பேசி ஒப்புக்கொள்வதே இங்கும் நடக்கவேண்டியது.

‘தக்க’ என்னும் அடை, ‘ரீசனபிள்’ என்பதன் இரு பக்கத்தையும் தாங்கும். மாணவரின் தேவைக்குத் தக்கதாக இருக்கவேண்டும் என்பது ஒன்று. நிறுவனத்தின்மேல் அளவுக்கு மிஞ்சிய சுமையாக ஆகிவிடக்கூடாது என்பது மற்றொன்று. ஆய்வின் தரத்தைக் குறைத்துக் கொடுப்பது இதில் சேராது.

முனைவர் பட்ட ஆய்வில் இது எப்படி இருக்கும் என்று பார்ப்போம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு நெறிமுறைப்படி ஆய்வை முடிக்க 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டு. பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் குறைபாடு உடையோர்க்கும் இன்னும் 2 ஆண்டு தரலாம். இது ஒரு பிரிவினர்க்கு விதி தரும் தளர்வு; தக்க ஏற்பாடோ தனியொருவரை முன்வைத்து முடிவு செய்வது. அதற்கு 40 விழுக்காடு என்னும் வரம்பைக் காட்டித் தடைபோட இயலாது. எழுதும்போது கை இறுகிப்போகும் நோயுடைய தேர்வர் ஒருவரின் வழக்கில், அந்த வரம்பை எட்டாதவரும், தாம் சொல்வதை எழுதித் தரும் எழுத்தரின் உதவியைப் பெறலாம் என்று உச்சநீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. ஒரு மாதம் தெளிந்தும் மறுமாதம் கவிந்தும் வரும் மனச்சோர்வு போன்ற நோய்களை விழுக்காட்டில் அளப்பது எவ்வளவு கடினம் என்பதை நினைத்தால், இத்தீர்ப்பின் அருமை புரியும்.

என் தொழிலில் நாள்தோறும் காணும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. பழைய ஆய்வேடுகள் பல பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. கண்ணுக்கு அது தமிழ். கணினிக்கு அது ஆங்கில எழுத்து வரிசை. பார்வையற்ற ஆய்வாளர் ஒருவர் திரைவாசிப்பானை வைத்து அதைத் திறந்தால், ‘தமிழ்’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ‘ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி’ என்று காதில் விழும். அந்தக் கோப்பை ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றி, ஒருமுறை மெய்ப்புப் பார்த்துக் கொடுப்பது தக்க ஏற்பாடு, செலவும் சிறிது.

அந்தப் பெண்ணின் விண்ணப்பத்தை இருவரும் சேர்ந்து மாற்றி எழுதினோம். மன அழுத்தம் என்று இருந்ததை, மருத்துவர் சான்றில் உள்ளவாறே மனச்சோர்வு என்று திருத்தினோம். ‘நெறியாளர் சந்திப்புகள் முற்பகலில் வேண்டா, மருந்தின் தூக்கம் தெளியப் பதினொரு மணி ஆகிறது. திருத்தங்களை வாய்மொழியாகச் சொல்வதோடு எழுத்திலும் தருக. அரையாண்டு அறிக்கைக்கு ஆறு வாரம் கூடுதலாக வேண்டும். இம்மூன்றையும் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி தக்க ஏற்பாடாகச் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ கருணைகூர்ந்து என்ற சொல்லை அவரே இரண்டிடத்திலும் அடித்துவிட்டு, கையெழுத்திட்டு எடுத்துச் சென்றார்.