பாரிஸ் போக ஏன் கூடுதல் நேரம்?

முத்தியால்பேட்டை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மகளைப் பார்க்க பாரிஸ் போனபோது, திரும்பி வந்ததைவிட நேரம் கூடுதலாக ஆனது. தூரம் ஒன்றுதானே? அதுவும் பூமி கிழக்கே சுற்றுகிறது என்றால் பாரிஸ்தானே நம்மை நோக்கி வர வேண்டும்?" புதுச்சேரியில் பல வீடுகளுக்குப் பிரான்சில் ஒரு சொந்தம் உண்டு, அதனால் பொதுவிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

தூரம் போக வர ஒன்றுதான், உருண்டை மேல் அளந்தால் சென்னையிலிருந்து சுமார் 8,000 கி.மீ. பூமி சுற்றுவதால் நேரடியாக லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. சென்னையின் தரை மணிக்கு 1,600 கி.மீ.க்கு மேல் கிழக்கே ஓடுகிறது, மேலே உள்ள காற்றும் விமானமும் அந்த ஓட்டத்தோடேதான் இருக்கின்றன. ஈசிஆரில் ஓடும் பஸ்ஸுக்குள் எகிறிக் குதித்தால் பின்சீட்டிலா போய் விழுகிறோம்?

நேரத்தைத் தின்பது காற்று. குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கு மேலே, 10–12 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்று ஓடுகிறது. மணிக்கு 150, 200 கி.மீ. எல்லாம் சாதாரணம். வழி முழுக்க 100 கி.மீ. காற்று என்று வைத்துக்கொண்டால், 900 கி.மீ. வேக விமானம் போக 10 மணி, வர 8 மணி, ஆக 18. காற்றே இல்லாவிட்டால் 17 மணி 47 நிமிடம்தான். எதிர்க்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்வதால், போகும்போது விட்டது வரும்போது முழுசாகக் கிடைக்காது.

சரி, அந்தக் காற்று ஏன் கிழக்கே ஓடுகிறது? எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. சூடான காற்று விரிந்து உயரும். அதனால் மேலே ஒரே உயரத்தில் அளந்தால் சூடான தெற்கில் அழுத்தம் கூடுதல், குளிர்ந்த வடக்கில் குறைவு. காற்று வடக்கே தள்ளப்படுகிறது. ஆனால் பூமி சுற்றுவதால், நம் அரைக்கோளத்தில் ஓடும் காற்று வலப்பக்கம் திரும்பிவிடும். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் வடக்கே பார்த்து நின்று வலது கையை நீட்டுங்கள், கை கடலைக் காட்டும். அதாவது கிழக்கு. பூமியின் சுழற்சி இப்படிச் சுற்றிவளைத்துத்தான் உங்கள் பயண நேரத்தில் கை வைக்கிறது.

இப்போது அப்படியே தெற்கே திரும்புங்கள். கை ஊர்ப்பக்கம், மேற்கைக் காட்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் தலைக்கு மேலே நடப்பது இதுதான்! கோடையில் திபெத் பீடபூமி காய்ந்து, வடக்கு தெற்கைவிடச் சூடாகிவிடுகிறது. அழுத்தம் தெற்கே தள்ள, அதே விதிப்படி காற்று மேற்கே திரும்பி, சுமார் 15 கி.மீ. உயரத்தில், ஏறக்குறைய சென்னை அட்சரேகையில் கிழக்கிலிருந்து மேற்காக ஓடுகிறது. 1950களில் இதை விளக்கிக் காட்டியவர் நம் வானிலைத் துறையின் கோட்டேஸ்வரம். புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து கிளம்பும் சின்ன ஏடிஆர் விமானம் அந்த உயரத்தின் பாதிக்குக்கூடப் போவதில்லை, அதற்கு இதனால் ஒன்றும் ஆகாது.

இதெல்லாம் விமானத்துக்கு முன்கூட்டியே தெரிவதில் பலூன்களுக்கும் பங்கு உண்டு. நம் நேரப்படி காலை மாலை ஐந்தரையை ஒட்டி உலகம் முழுக்கக் கருவி கட்டிய பலூன்களை விடுகிறார்கள், நம் காரைக்காலிலும் விடுகிறார்கள். ராகு காலம் பார்த்து டிக்கெட் போடுகிறவர்களுக்கும் அந்தக் காற்றுக் கணக்கை வைத்துத்தான் எரிபொருள் நிரப்புகிறார்கள். வானிலைக்கு எதற்கு இவ்வளவு செலவு என்று கேட்பவர்கள் இதையும் சேர்த்து யோசிக்கட்டும்.