சோலார் என்னும் மேல்வீடு

சோலார் என்றதும் கூரையில் பதித்த மின்தகடுதான் நம் நினைவுக்கு வருகிறது. இடைக்கால இங்கிலாந்தின் மேனர் வீட்டை, அதாவது நிலக்கிழாரின் மாளிகையைப் பற்றிப் படிக்கும்போது அதே சொல் ஓர் அறையின் பெயராக எதிர்ப்பட்டால், தமிழில் 'சூரிய அறை' என்று எழுதிவிடக் கை துடிக்கும். எழுதினால் தவறு.

வேர் என்னவோ சூரியன்தான். லத்தீனில் 'சோல்' என்றால் ஞாயிறு. 'சோலாரியம்' என்றால் வெயில் படும் மொட்டைமாடி. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது வெயில் உதிர்ந்து, உயரம் மட்டும் எஞ்சியது. மாடியில் இருக்கும் அறை எதுவானாலும் சோலார்தான். அது வடக்கு பார்த்து இருண்டு கிடந்தாலும் பெயர் மாறாது.

அந்த அறை ஏன் வீட்டின் ஓர் ஓரத்தில் மட்டும் இருந்தது என்பதை அறிய, கூடத்துக்குள் போக வேண்டும். கென்ட் பகுதியில் உள்ள பென்ஸ்ஹர்ஸ்ட் மாளிகையின் கூடம் 1341-இல் கட்டப்பட்டது. அதன் தரை நடுவே எண்கோண வடிவ அடுப்பு இன்றும் இருக்கிறது. புகைபோக்கி கிடையாது. புகை நேராக மேலேறி, கூரைத் திறப்பின் வழியே வெளியேற வேண்டும். ஆகவே கூடத்துக்கு மேலே தளம் போட வழியே இல்லை. நிலக்கிழார் அமரும் மேடைப் பக்கம், கூடத்தை ஒட்டி இரண்டடுக்குப் பகுதி ஒன்றைக் கட்டி, அதன் மேல்தளத்தைக் குடும்பத்துக்கு வைத்துக்கொண்டார்கள். வேலையாட்களும் விருந்தினரும் கீழே ஒன்றாக உண்ண, குடும்பம் தனித்திருக்க ஓர் இடம் கிடைத்தது.

தனித்திருந்தாலும் கண் கூடத்தின் மேல்தான் இருந்தது. ஷ்ராப்ஷயரில் கம்பளி வணிகர் ஒருவர் 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய ஸ்டோக்சே மாளிகையில், சோலாரின் கணப்புக்கு இருபுறமும் கூடத்தைப் பார்க்கும் சிறு திறப்புகள் உண்டு. வில்ட்ஷயரில் தாமஸ் ட்ரோபெனல் 15-ஆம் நூற்றாண்டில் கட்டிய கிரேட் சால்ஃபீல்ட் மாளிகையில் இது இன்னும் நுட்பமானது. கூடத்துச் சுவரின் உயரத்தில் கல்லில் செதுக்கிய முகங்கள் பதிக்கப்பட்டுள்ளன. கீழிருந்து பார்த்தால் அலங்காரம். ஆனால் அவற்றின் கண்கள் துளைகள். மேலறையில் நிற்பவர் அந்தக் கண்களின் வழியே கீழே நடப்பதையெல்லாம் பார்க்கலாம்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? லத்தீன் மூலத்துக்கு நம்மிடம் அழகான இணை இருக்கிறது: நிலாமுற்றம். ரோமானியர் வெயிலை வைத்துப் பெயரிட்ட திறந்த மாடிக்கு நாம் நிலவை வைத்துப் பெயரிட்டோம். ஆனால் ஆங்கிலேயரின் சோலார் கூரை வேய்ந்த அறை. ஆசை இருந்தாலும் அந்தச் சொல்லை இங்கே பயன்படுத்த முடியாது. 'மாடம்' பொருளால் நெருங்குகிறது. எனினும் இன்றைய வாசகருக்கு விளக்கு மாடமும் புறா மாடமுமே நினைவுக்கு வரும்.

என் தேர்வு 'மேல்வீடு'. சீடர்கள் எருசலேமில் ஏறிச் சென்று தங்கிய மாடியறையை, அப்போஸ்தலர் நடபடிகளின் முதல் அதிகாரத்தில் தமிழ் விவிலியம் 'மேல்வீடு' என்கிறது. அதே இடத்தில் 14-ஆம் நூற்றாண்டின் விக்கிளிஃப் ஆங்கில விவிலியம் எழுதிய சொல் 'சோலர்'. இரண்டு மொழிபெயர்ப்புகள், நூற்றாண்டுகள் இடைவெளியில், ஒரே அறைக்கு வைத்த பெயர்கள் இவை. இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

இதே வீட்டில் மொழிபெயர்ப்பவருக்கு இன்னொரு பொறியும் உண்டு. கூடத்தின் மறுமுனையில் இருக்கும் 'பட்டரி'க்கும் வெண்ணெய்க்கும் தொடர்பில்லை. அது மதுப் பீப்பாய்கள் வைத்த அறை. 'பீப்பாய் அறை' என்றே எழுதலாம்.

'கூடத்தில் உண்டு முடித்து, நிலக்கிழாரும் மனைவியும் மேல்வீட்டுக்கு ஏறிப் போனார்கள்' என்று எழுதிப் பாருங்கள். அடிக்குறிப்பு தேவைப்படாது.